அயனிக் கத்தியும் அணு ஊசியும்: துருப்பிடிக்காத எஃகின் வீழ்படிவுகளைக் காண இரு முப்பரிமாண வழிகள்

எஃகு முப்பரிமாணப் பொருள். ஆனால் அதன் உள்ளமைப்பைப் பற்றி நாம் எழுதி வைத்திருப்பவற்றில் பெரும்பகுதி, மெருகேற்றிய ஒரு தட்டையான முகத்தைப் பார்த்து எழுதியதுதான். துண்டை அறுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, சற்றே அரிக்கவிட்டு நுண்ணோக்கியில் வைக்கிறோம். படத்தில் தெரியும் புள்ளிகளை எண்ணுகிறோம், நீளத்தை அளக்கிறோம், "கோளம்", "ஊசி", "தகடு" என்று பெயரிடுகிறோம். தாய் உலோகத்தின் திண்மக் கரைசலிலிருந்து பிரிந்து உருவாகும் வீழ்படிவுகளைப் பொறுத்தவரை இந்தப் பழக்கம் நம்மை நெடுங்காலமாக ஏமாற்றி வந்திருக்கிறது.

உருண்டையான துகள்கள் என்றால் பிழை சிறியது. ஒரே அளவுள்ள கோளங்கள் நிறைந்த உலோகத்தை எங்கு வெட்டினாலும், வெட்டுமுகத்தில் தெரியும் வட்டங்களின் சராசரி ஆரம் உண்மை ஆரத்தில் 78.5 விழுக்காடுதான் இருக்கும். 1925-இல் சுவீடன் நாட்டுப் புள்ளியியலாளர் விக்செல் இந்தச் சிக்கலைக் கணக்காக்கி, திருத்தும் வழியையும் தந்துவிட்டார். ஆனால் கிளைவிட்டு, வளைந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் துகள்களுக்கு எந்தச் சூத்திரமும் உதவாது. மெல்லிய தகட்டைக் குறுக்கே வெட்டினால் ஊசி போலத் தெரிகிறது. அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது தகடா ஊசியா என்று யாராலும் சொல்ல முடியாது.

இது வெறும் கற்பனைக் கவலை அல்ல என்பதற்கு இரண்டு சான்றுகள். 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில், படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் மணி எல்லைகளில் படியும் குரோமியம் கார்பைடை 1961-இல் ஸ்டிக்லரும் வின்கியரும் ஆராய்ந்தார்கள். கார்பைடுகளைத் தாய் உலோகத்திலிருந்து பிரித்தெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது, கிளைவிட்ட மெல்லிய தகடுகள் தெரிந்தன. வெட்டுமுகத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அவை மணி எல்லையில் கோத்த முத்துகளாகத்தான் தோன்றும். அடுத்தது அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் தொடர்பான வேலை. மிலோ கிராலும் ஜார்ஜ் ஸ்பானோஸும் 1999-இல் மாங்கனீசு மிகுந்த ஓர் எஃகைத் தேய்ப்பதும் படமெடுப்பதுமாகப் படிப்படியாகச் சீவிப் பார்த்தார்கள். அது துருப்பிடிக்காத வகை அல்ல. ஆனாலும் பாடம் அதுவேதான். மணியின் நடுவே அநாதையாகக் கிடப்பதுபோலத் தோன்றிய சிமென்டைட் (இரும்புக் கார்பைடு) தகடுகள், ஆழம் போகப் போக மணி எல்லையோடு இணைந்திருந்தன.

இன்று இந்த வேலைக்கு இரண்டு முதன்மையான கருவிகள் இருக்கின்றன. ஒன்று, குவித்த அயனிக் கற்றையால் உலோகத்தைச் சீவிச் சீவி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்பது. ஆய்வகங்களில் "ஃபிப்-செம்" என்றால் எல்லோருக்கும் புரியும். மற்றொன்று, உலோகத்தை ஊசியாக்கி அதன் நுனியிலிருந்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்துப் பதிவுசெய்யும் "ஆட்டம் புரோப்". இரண்டையும் ஒப்பிட ஒரே எஃகை எடுத்துக்கொள்வதுதான் நியாயம். என் தேர்வு டியூப்ளெக்ஸ் துருப்பிடிக்காத எஃகு. காரணம், இரண்டு கருவிகளுக்கும் தனித்தனியாகத் தீனி போடும் வீழ்படிவுகள் இந்த ஒரே உலோகத்தில் உண்டு.

டியூப்ளெக்ஸ் 2205-இல் ஏறத்தாழ 22 விழுக்காடு குரோமியம், 5 விழுக்காடு நிக்கல், 3 விழுக்காடு மாலிப்டினம், சிறிது நைட்ரஜன். ஃபெரைட், ஆஸ்டெனைட் என்னும் இரு படிக அமைப்புகள் ஏறக்குறைய சரிபாதி. இந்தச் சரிபாதிதான் அதன் வலிமைக்குக் காரணம். ஃபெரைட் பாதிதான் அதன் நோய்களுக்கும் காரணம். 700 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் நிறுத்திவைத்தாலோ, வெல்டிங்குக்குப் பின் மெதுவாகக் குளிர்ந்தாலோ, ஃபெரைட் சிதைந்து சிக்மா ஃபேஸும் புதிய ஆஸ்டெனைட்டுமாக மாறுகிறது. சிக்மா, குரோமியமும் மாலிப்டினமும் செறிந்தது. கடினமானது, எளிதில் நொறுங்குவது. சில விழுக்காடு உருவானாலே எஃகின் தாக்கத்தைத் தாங்கும் திறன் பெரிதும் விழுந்துவிடும். துகள்களின் அளவோ மைக்ரான் கணக்கில்.

வெப்பம் 300 முதல் 500 டிகிரி வரை என்றால் கதை வேறு. அதே ஃபெரைட், குரோமியம் செறிந்த பகுதியும் இரும்பு செறிந்த பகுதியுமாக உள்ளுக்குள்ளேயே பிரிகிறது. இதைத்தான் "475 டிகிரி நொறுங்குதன்மை" என்கிறார்கள். கூடவே நிக்கல், சிலிக்கான், மாங்கனீசு சேர்ந்த ஜி-ஃபேஸ் என்னும் பொடித் துகள்களும் தோன்றலாம். எல்லாம் சில நானோமீட்டர் அளவு. அழுத்தநீர் அணு உலைகளின் முதன்மைக் குழாய்களில் பயன்படும் வார்ப்பு டியூப்ளெக்ஸ் எஃகு 290 முதல் 325 டிகிரி வரையான வெப்பத்தில் பல பத்தாண்டுகள் வேலை செய்ய வேண்டும். அங்கே இந்த மாற்றம் மெதுவாக, ஆனால் நிற்காமல் நடக்கிறது.

முதலில் ஃபிப்-செம் வேலை செய்யும் விதத்தை அருகில் போய்ப் பார்ப்போம். வெற்றிட அறைக்குள் இரண்டு கற்றைகள், ஒன்றுக்கொன்று சுமார் 52 டிகிரி சாய்வில். ஒன்று காலியம் அயனிக் கற்றை. பெரும்பாலும் 30 கிலோவோல்ட். இன்னொன்று எலக்ட்ரான் கற்றை. ஆராய வேண்டிய இடத்தின் மேல் பிளாட்டினப் பூச்சு ஒன்றைப் படியவைத்து மேற்பரப்பைக் காக்கிறார்கள். முன்னாலும் பக்கங்களிலும் பள்ளம் தோண்டுகிறார்கள். இப்போது ஓர் எஃகுச் சுவர் நிமிர்ந்து நிற்கிறது. அயனிக் கற்றை அந்தச் சுவரின் முகத்திலிருந்து 20 நானோமீட்டர் சீவுகிறது. எலக்ட்ரான் கற்றை புது முகத்தைப் படமெடுக்கிறது. மறுபடி 20 நானோமீட்டர். 10 மைக்ரான் ஆழத்துக்கு 500 சீவல்கள். ஒரு சீவலுக்கும் படத்துக்கும் சேர்த்து 2 நிமிடம் என்று வைத்தாலும் 16 மணி நேரத்துக்கு மேல். இரவெல்லாம் கருவி தானாக ஓடும்.

மறுநாள் கிடைப்பது 500 படங்களின் அடுக்கு. அதை நேர்படுத்துவதுதான் உண்மையான உழைப்பு. எலக்ட்ரான் கற்றை சுவரைச் சாய்வாகப் பார்ப்பதால், திருத்தாமல் விட்டால் உருண்டைத் துகள் 21 விழுக்காடு நசுங்கித் தெரியும். இரவில் மேடை சில நானோமீட்டர் நகர்ந்திருக்கும். கடினமான சிக்மாவும் மென்மையான ஆஸ்டெனைட்டும் வெவ்வேறு வேகத்தில் அரிபடுவதால் முகத்தில் திரைச்சீலை மடிப்புகள் போன்ற செங்குத்துக் கோடுகள் விழும். எலக்ட்ரானின் மின்னழுத்தமும் முக்கியம். 20 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான்கள் எஃகுக்குள் ஒன்றரை மைக்ரான் வரை ஊடுருவும். 20 நானோமீட்டர் சீவிவிட்டு அத்தனை ஆழத்தின் கலவையைப் படமெடுப்பதில் பொருளில்லை. 2 கிலோவோல்ட்டில் ஊடுருவல் 30, 40 நானோமீட்டருக்குள் அடங்கும். எனவே தாழ்ந்த மின்னழுத்தம்தான் சரி. படத்தின் தெளிவு குறைந்தாலும் பரவாயில்லை.

இத்தனை பாட்டுக்கும் கிடைக்கும் பலன் பெரிது. 750 டிகிரியை ஒட்டி உருவாகும் சிக்மாவுக்குப் பவள வடிவம் என்றே பெயர். மஞ்சள் விளைந்த பாத்தியை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டினால் மண்சுவரில் தனித்தனி வட்டங்கள் தெரியும். தோண்டி எடுத்தால் அத்தனையும் ஒரே கிழங்கின் விரல்கள். சிக்மாவும் அப்படித்தான். வெட்டுமுகத்தில் நூறு தீவுகளாகத் தெரிந்தது, கனஅளவில் கிளைத்துப் படர்ந்த ஓரிரு உடல்களாக நிற்கிறது. 950 டிகிரியில் உருவானால் கிளைகள் குறைந்து கட்டியாகிவிடுகிறது. விரிசல் ஒன்று எஃகுக்குள் ஓடும்போது, அதற்கு வழி தொடர்ந்து கிடைக்கிறதா, இடையிடையே மென்மையான ஆஸ்டெனைட் குறுக்கிடுகிறதா என்பதே வாழ்வா சாவா. இதற்கு இருபரிமாணப் படத்தில் விடையே கிடையாது. சிக்மாவுக்கு முன்னோடியாகப் பலமுறை வரும் கை ஃபேஸ், மாலிப்டினம் மிகுந்ததால் பின்சிதறல் எலக்ட்ரான் படத்தில் எல்லாவற்றையும்விட வெளுப்பாகத் தெரியும். அது எந்த எல்லையில் தொடங்கிச் சிக்மாவுக்குள் எப்படிப் புதைந்துபோகிறது என்பதையும் இதே அடுக்கில் தேடலாம்.

ஆனால் ஒரு பெரிய ஆபத்து உண்டு. அதைப் பலர் போதிய அக்கறையோடு சொல்வதில்லை. காலியம் அயனிகள் பாயும்போது நிலைத்தன்மை குறைந்த ஆஸ்டெனைட் ஃபெரைட்டாக மாறக்கூடும். துருப்பிடிக்காத எஃகுகளில் இது பலமுறை பதிவாகியிருக்கிறது. டியூப்ளெக்ஸில் நாம் அறிய விரும்புவதே எது ஃபெரைட், எது ஆஸ்டெனைட் என்பதுதான். கருவியே ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட்டால், படிகத் திசை வரைபடத்தில் இல்லாத ஃபெரைட் இருப்பதாகத் தெரியும். சிக்மாவின் வடிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது இடையூறு இல்லை. அதைச் சுற்றியுள்ள புதிய ஆஸ்டெனைட்டைப் பற்றி எழுதுபவர் தாழ்ந்த மின்னழுத்தத்தில் முகத்தைத் துப்புரவு செய்தாரா, காலியத்துக்குப் பதில் செனான் அயனிக் கற்றையில் சரிபார்த்தாரா என்று கேட்டே ஆக வேண்டும்.

இனி ஆட்டம் புரோப். இதன் வேர் 1951-இல் எர்வின் முல்லர் உருவாக்கிய புல அயனி நுண்ணோக்கி. 1955-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முல்லரும் அவருடைய இந்திய மாணவர் கன்வர் பஹதூரும் டங்ஸ்டன் ஊசி நுனியில் தனித்தனி அணுக்களைக் கண்டார்கள். மனிதக் கண் அணுவைத் தனியாகப் பார்த்தது அதுவே முதல்முறை. 1967-இல் அணுவை இனம் காணும் வசதி சேர்ந்தது, 1988-இல் ஆக்ஸ்ஃபோர்டில் செரெசோ, ஸ்மித் குழுவினர் அணு விழுந்த இடத்தையும் பதிவுசெய்யும் உணர்வியை இணைத்தார்கள், அங்கிருந்துதான் முப்பரிமாணம்.

எஃகை 50 முதல் 100 நானோமீட்டர் ஆரமுள்ள நுனி கொண்ட ஊசியாக்க வேண்டும். அந்த ஊசியைச் செய்ய இன்று பெரும்பாலும் பயன்படுவது மேலே சொன்ன அதே அயனிக் கத்திதான். வேண்டிய இடத்திலிருந்து ஓர் ஆப்பைத் தோண்டி எடுத்து, சிலிக்கான் தூண்மேல் ஒட்டி, வளைய வடிவக் கற்றையால் சுற்றிச் சுற்றிச் செதுக்குகிறார்கள். எனவே காலியத்தின் சேதம் இங்கும் தொடர்கிறது. ஒரே ஆறுதல், 69, 71 என்ற நிறைகளில் காலியம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சேதமடைந்த மேலடுக்கை விலக்கிவிட்டுக் கணக்கிடலாம். ஊசியை 20 முதல் 80 கெல்வின் வரை குளிரவைத்து, ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் நுனியில் மின்புலம் நானோமீட்டருக்கு 30 வோல்ட்டைத் தாண்டுகிறது. மின்துடிப்போ லேசர் துடிப்போ தூண்ட, அணு அயனியாகிப் பறக்கிறது. பறக்கும் நேரத்திலிருந்து நிறை. உணர்வியில் விழும் இடத்திலிருந்து அது இருந்த இடம். வந்த வரிசையிலிருந்து ஆழம். பாதி வழியில் ஊசி ஒடிந்துபோவதும் உண்டு. நொறுங்கும் தன்மையை ஆராயும்போது ஊசியே நொறுங்குவது ஆய்வாளரின் பொறுமையைச் சோதிக்கும்.

ஃபெரைட்டின் 475 டிகிரி நோய்க்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்று தயங்காமல் சொல்வேன். ஊடுருவல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 50, 100 நானோமீட்டர் தடிமனுள்ள படலம் வேண்டும். அதற்குள் 5 நானோமீட்டர் பகுதிகள் பத்துப் பதினைந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழ, கிடைப்பது மங்கிய புள்ளிமயம். ஆட்டம் புரோப்பில் அதே ஃபெரைட், குரோமியம் செறிந்த இழைகளும் இரும்பு செறிந்த இழைகளும் பின்னிய வலையாகத் தெளிகிறது. ஜி-ஃபேஸ் துகள்கள் இவ்விரண்டின் எல்லைகளில் உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது. தனித் துகள் என்று நினைத்தது தொடர்ந்த உடலாக மாறும் அதே நிகழ்வு, சிக்மாவைவிட ஆயிரம் மடங்கு சிறிய அளவில்! இரண்டு கருவிகளும் தத்தம் அளவுகோலில் ஒரே உண்மையைச் சொல்லும் இந்த இடம்தான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது.

வீழ்படிவால் கடினமாகும் 17-4 பி.எச். எஃகிலும் ஆட்டம் புரோப் சாதித்திருக்கிறது. 1999-இல் முராயாமா, ஹோனோ குழுவினர் அதை 400 டிகிரியில் 5000 மணி நேரம் முதிரவைத்து, தாமிரத் துகள்களோடு ஜி-ஃபேஸும் தோன்றுவதைக் காட்டினார்கள். ஆனால் தாமிரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அணுவைப் பிய்க்க இரும்புக்கு நானோமீட்டருக்கு சுமார் 33 வோல்ட், தாமிரத்துக்கு சுமார் 30 வோல்ட். தாமிரம் முந்திக்கொண்டு பறப்பதால் நுனியின் வளைவு அந்த இடத்தில் கெடுகிறது. பக்கத்து இரும்பு அணுக்களின் பாதை சாய்ந்து, துகளுக்குள் விழுந்ததாகப் பதிவாகிறது. சிறு தாமிரத் துகள்களுக்குள் உண்மையில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்ற வழக்கு எஃகு ஆய்வாளர்களிடையே பல ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை.

அணுவை இனம் காண்பதிலும் மயக்கம் உண்டு. நிறை 54-இல் குரோமியமும் இரும்பும் மோதுகின்றன. 58-இல் நிக்கலும் இரும்பும். ஐசோடோப்பு விகிதங்களைக் கொண்டு இதைப் பிரித்துவிடலாம். டியூப்ளெக்ஸ் எஃகில் இதைவிடச் சங்கடமானது நைட்ரஜன். ஒற்றை மின்னூட்டம் கொண்ட நைட்ரஜனும் இரட்டை மின்னூட்டம் கொண்ட சிலிக்கானும் ஒரே 14-இல் வந்து நிற்கும். நைட்ரஜன் எங்கே போனது என்று இந்தக் கருவியிடம் கேட்பவர் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும். மேலும், லீப் 5000 எக்ஸ்.ஆர். போன்ற கருவியில் பறந்த அணுக்களில் 52 விழுக்காடுதான் பதிவாகும். இழப்பு எல்லாத் தனிமங்களுக்கும் பொதுவாக இருப்பதால் செறிவின் விகிதம் கெடாது; பத்துப் பதினைந்து அணுக்கள் மட்டுமே கொண்ட குட்டித் திரளைத்தான் தவறவிட நேரும்.

இரண்டையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது கனஅளவின் வேறுபாடு. 10 மைக்ரான் பக்கமுள்ள ஃபிப்-செம் கனசதுரம் 1000 கன மைக்ரான். 60 நானோமீட்டர் விட்டமும் 200 நானோமீட்டர் நீளமும் கொண்ட ஆட்டம் புரோப் உருளை அதில் 18 லட்சத்தில் ஒரு பங்கு. "ஆட்டம் புரோப் பார்ப்பது மிகச் சிறிய இடம், அதை நம்பலாமா?" என்று கேட்பவர்கள் இந்த எண்ணைத்தான் காட்டுவார்கள். அந்தக் கேள்வி அரைகுறையானது. எத்தனை கனஅளவு என்பதைவிட, அதற்குள் எத்தனை துகள் என்பதே முக்கியம். ஒரு கன மைக்ரானில் பத்து லட்சம் தாமிரத் துகள்கள் இருந்தால் அந்தக் குட்டி உருளைக்குள் ஐந்நூறுக்கு மேல் கிடைக்கும். புள்ளியியலுக்கு அது போதும். கிளைவிட்ட சிக்மாவில் பெரிய கனசதுரம் முழுவதும் ஒரே உடலாக இருக்கலாம். அப்போது எண்ணிக்கை ஒன்று! பெரிய கனஅளவைப் பார்த்தவரிடம்தான் சான்று குறைவு. அவர் வேறு இடங்களில் இன்னும் சில கனசதுரங்களைச் சீவ வேண்டும், அல்லது செனான் கற்றையால் நூறு மைக்ரான் அளவுக்குப் போக வேண்டும்.

மறுபுறம், ஃபிப்-செம்மில் 50 நானோமீட்டருக்குக் குறைந்த துகளைப் பற்றிப் பேசவே கூடாது. ஒரு துகளின் வடிவத்தைச் சொல்லப் பத்துச் சீவல்களாவது அதன் ஊடே போயிருக்க வேண்டும் என்பது நல்ல வழக்கம். 20 நானோமீட்டர் சீவலுக்கு அது 200 நானோமீட்டர். செறிவைப் பற்றியும் அது நேரடியாக ஒன்றும் சொல்லாது. சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே. ஆட்டம் புரோப்போ மணி எல்லை வலை முழுவதையும், கார்பைடுத் தகட்டின் மொத்தப் பரப்பையும் ஒருநாளும் காட்டப்போவதில்லை. ஆனால் அந்தக் கார்பைடின் பக்கத்தில் குரோமியம் எத்தனை நானோமீட்டர் தொலைவுக்கு, துருவைத் தடுக்கத் தேவையான 12 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்பதை, எல்லை ஊசிக்குள் அமைந்துவிட்டால், அது அணுவாரியாகச் சொல்லும். மணி எல்லை அரிப்பின் வேதியியல் அங்கே இருக்கிறது. அரிப்பு எவ்வளவு தூரம் தொடர்ந்து ஓடும் என்பதோ ஃபிப்-செம் அடுக்கில்தான்.

இரண்டிலும் பொதுவான ஒரு பலவீனம், துகளின் எல்லையை மனிதர் தீர்மானிப்பது. ஃபிப்-செம்மில் எந்தச் சாம்பல் மதிப்புக்கு மேல் சிக்மா என்று ஒருவர் கோடு போடுகிறார். மதிப்பைச் சற்றே மாற்றினால் மெல்லிய கழுத்துகள் அறுந்து ஓருடல் இரண்டாகிவிடும். ஆட்டம் புரோப்பில் இரண்டு தாமிர அணுக்கள் எத்தனை தொலைவுக்குள் இருந்தால் ஒரே திரள், குறைந்தது எத்தனை அணு இருந்தால் அது துகள் என்பதையும் ஒருவர்தான் வகுக்கிறார். 0.5 நானோமீட்டரை 0.7 ஆக்கினால் எண்ணிக்கை மாறிவிடும். கண்கவர் வண்ணப்படங்களின் பின்னால் ஒளிந்திருக்கும் இந்தத் தேர்வுகளைக் கட்டுரைகளில் ஒரே வரியில் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதல்ல.

வெல்டிங் செய்த டியூப்ளெக்ஸ் குழாயில் சிக்மா ஐயம் என்றால், கேள்வி தொடர்ச்சியைப் பற்றியது, ஃபிப்-செம்முக்குப் போங்கள். 300 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஃபெரைட் ஏன் கடினமானது என்பது கேள்வியானால், ஃபிப்-செம் வெறும் ஊசி செதுக்கும் கருவி. விடை ஆட்டம் புரோப்பில். 304-இன் மணி எல்லைக் கார்பைடுக்கு மட்டும் இரண்டும் வேண்டும். அதுவும் ஒரே துண்டிலிருந்து, முதலில் சீவி எல்லையைக் கண்டுபிடித்து, பிறகு அதே எல்லையில் ஊசி செதுக்கி. இதற்கான கருவி நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. ஆட்டம் புரோப்புக்கான தேசிய வசதி சென்னை ஐ.ஐ.டி.யிலேயே இருக்கிறது, நாட்டின் மற்ற ஆய்வு நிறுவனங்களும் தொலைவிலிருந்தே அதைப் பயன்படுத்தும் ஏற்பாடும் உண்டு. உலோகவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துகள் எண்ணிக்கையை அட்டவணையில் எழுதும்போது, பார்த்த கனஅளவு எவ்வளவு, துகளின் எல்லையை எந்த மதிப்பில் வகுத்தீர்கள், ஓரத்தில் வெட்டுப்பட்ட துகள்களை என்ன செய்தீர்கள் என்ற மூன்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.